தாய்லாந்து பறவைப் பயணம்: எட்டு நாளில் நான்கு இடம் சாத்தியமா?

பவானிக்கரை:

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் நானும் அக்காவும் தாய்லாந்துக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்றிருக்கிறோம். இரண்டு பேருக்குமே இதுதான் முதல் வெளிநாடு. இதுவரை சுற்றியதெல்லாம் வால்பாறை, தட்டேக்காடு, கோடியக்கரை, அப்புறம் ஒருமுறை உத்தராகண்டில் சாத்தல். என்னிடம் சோனி கேமராவும் 200-600 லென்ஸும் இருக்கின்றன. அக்காவிடம் பைனாக்குலர் மட்டும். படம் எடுப்பதெல்லாம் அவளுக்குப் பிடிக்காது, "கண்ணால பார்த்தா போதாதா" என்பாள்.

ஒரு பயண ஏற்பாட்டாளர் எட்டு நாள் திட்டம் அனுப்பியிருக்கிறார். தோய் இந்தனோன், காவ் யாய், கேங் கிராச்சான், பாக் தலே என நான்கு இடம். "முந்நூறு இனம் உறுதி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். விலை எங்கள் கைக்குக் கொஞ்சம் மீறித்தான் நிற்கிறது. ஆனாலும் அவ்வளவு தூரம் போய்விட்டு ஒன்றிரண்டு இடத்தோடு திரும்பினால் மனசு ஆறுமா என்றும் இருக்கிறது.

எனக்குக் கரண்டிமூக்கு உள்ளான் பார்க்க வேண்டும். அக்காவுக்கு ஏதாவது ஒரு பிட்டா; நம் ஊர் ஆறுமணிக்குருவியை விட்டால் அவள் வேறு பிட்டா பார்த்ததில்லை. போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

சிங்கைக் கதிர்:

நான்கு இடமும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், ஏமாறாதீர்கள். தோய் இந்தனோன் சியாங் மாய் பக்கம், பாங்காக்கிலிருந்து வடக்கே 700 கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டும். விமானம் ஏறி இறங்கி, காரில் மலை ஏறி, திரும்பி வர இரண்டு நாள் காணாமல் போய்விடும்.

போகும்போதோ வரும்போதோ சிங்கப்பூரில் இறங்குகிற டிக்கெட் கிடைத்தால் ஒரு காலைப் பொழுதை இங்கே செலவழியுங்கள். புலாவ் உபின் தீவில் வைக்கோல்தலைக் கொண்டைக்குருவி பாடும். கூண்டுப் பறவை வியாபாரத்தால் மற்ற நாடுகளில் கிட்டத்தட்டத் துடைத்து எடுக்கப்பட்ட பறவை, இங்கே தைரியமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. சுங்கை பூலோவில் சேற்றுநிலப் பறவைகளும் கிடைக்கும். மற்றபடி தாய்லாந்து விவரம் உப்பளத்தான் அண்ணாச்சியைக் கேளுங்கள், அவர் வருடா வருடம் போகிற ஆள்.

உப்பளத்தான்:

கதிர் தம்பி என்னை இழுத்துவிட்டதால் நீளமாகவே எழுதுகிறேன். தங்கச்சி பொறுமையாகப் படிக்கணும்.

முதலில் அந்த "முந்நூறு இனம் உறுதி". அதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். காவ் யாயின் பெரிய ஈர்ப்பு மலை இருவாச்சி. அது உங்களுக்கு வால்பாறையில் ரோட்டோரம் அத்திமரத்திலேயே உட்கார்ந்திருக்கும். துடுப்புவால் கரிச்சான், மாங்குயில் வகை, பச்சைப்புறா வகை, எல்லாம் எண்ணிக்கைக்குள் வந்துவிடும். சாத்தலில் பார்த்த கலீஜ் கோழியும் தாய்லாந்தில் உண்டு. எண்ணிக்கையை வைத்துப் பயணம் வாங்காதீர்கள். நம்மிடம் இல்லாதது அங்கே எது என்று பார்த்து, அது எங்கே கையெட்டும் தூரத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள்.

உங்கள் இரண்டு பேர் ஆசைக்கும் பெட்சபுரி மாகாணம் ஒன்றே போதும். பாங்காக்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், நெரிசல் இருந்தால் கொஞ்சம் கூட. கிழக்கே கடலோரம் பாக் தலே உப்பளங்கள், மேற்கே மியான்மர் எல்லையை ஒட்டி கேங் கிராச்சான் காடு. தாய்லாந்தின் மிகப் பெரிய தேசியப் பூங்கா அது, 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு காலை நேரத்தில் போய்விடலாம். தோய் இந்தனோனை இந்த முறை மறந்துவிடுங்கள். 2,565 மீட்டர் உயரம், நாட்டின் உச்சி, அருமையான இடம்தான். அதற்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும்.

இப்போது உப்பளத்துக்கு வருவோம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். பாத்தி, வரப்பு, உப்பு வாருதல் எல்லாம் கண்ணை மூடினாலும் தெரியும். பாக் தலேயில் இறங்கினால் நம் ஊர்தான். கடல் தண்ணீரைப் பெரிய பாத்தியில் விட்டு, வெயிலில் வற்ற வைத்து, அடுத்த பாத்திக்கு, அதற்கடுத்த பாத்திக்கு என்று தள்ளிக்கொண்டே போவார்கள். கடைசிப் பாத்தியில்தான் உப்பு விளையும். பறவைக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பாத்தி இல்லை, முன்னால் இருக்கிறவை. அங்கே கணுக்கால் கூட நனையாத தண்ணீர், அடியில் சேறு, அதில் புழுவும் பூச்சியும். வெளியே கடலோரச் சேற்றுத்திட்டில் இரை தேடுகிற உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓதம் ஏறித் திட்டு மூழ்கியதும் கூட்டமாக உள்ளே வந்து இந்தப் பாத்திகளில் இறங்கும். அதனால் போகிற நாளுக்கு ஓத அட்டவணையைப் பார்த்து வையுங்கள். காலையில் ஓதம் ஏறுகிற நாள் கிடைத்தால் அதுதான் உங்கள் பாக் தலே நாள்.

கரண்டிமூக்கு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் சுக்கோட்கா தூந்திரத்தில் குஞ்சு பொரித்து, மஞ்சள் கடல் கரையில் இறகு மாற்றி, சுமார் 8,000 கிலோமீட்டர் பறந்து இங்கே குளிர்காலம் கழிக்க வருகிறது. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். பாக் தலேயில் விரல் விட்டு எண்ணுகிற அளவில் இருக்கும், அவையும் நூற்றுக்கணக்கான செங்கழுத்துக் கொசு உள்ளான்களுக்கு நடுவே. இரண்டும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். மூக்கைத் தேடினால் கண்டுபிடிக்க மாட்டீர்கள், ஏனென்றால் பக்கவாட்டில் பார்த்தால் கரண்டி தெரியவே தெரியாது, சாதாரண மூக்காகத்தான் இருக்கும். நடத்தையைத் தேடுங்கள். கொசு உள்ளான் தையல் மிஷின் ஊசி மாதிரி டக் டக்கென்று கொத்திவிட்டு ஓடும். கரண்டிமூக்கு தலையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு இடமும் வலமும் அலசியபடி மெதுவாக முன்னேறும், நிமிரவே யோசிக்கும். நெற்றியும் மார்பும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று வெள்ளை. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அதை விடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். ஏதாவது ஒரு கணத்தில் உங்களை நேருக்கு நேர் பார்க்கும். அப்போது தெரியும் கரண்டி.

படத்தைப் பற்றி அதிகம் கனவு காணாதீர்கள். 600 மில்லிமீட்டரில் அது சட்டத்துக்குள் சின்னதாகத்தான் இருக்கும். வரப்பை விட்டு இறங்கி நெருங்கலாம் என்று நினைக்கவே கூடாது. ஒன்று, பறவை கூட்டத்தோடு கிளம்பிவிடும். இரண்டாவது, பாத்தித் தரை என்பது இறுக்கிப் பதப்படுத்திய களிமண். அதில் உங்கள் செருப்புத் தடம் விழுந்தால் உப்பில் மண் ஏறும். அது அந்தக் குடும்பத்தின் வருமானம். வரப்பில் நடக்கவும் அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடங்கள், நம் ஊர் மாதிரியேதான். முடிந்தவரை காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியில் பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் குட்டித் தலையணை) வைத்து எடுப்பது நல்லது. காரைக் கண்டு பறவை பயப்படாது, ஆள் இறங்கினால் பயப்படும்.

கடல் கிழக்கே இருக்கிறது. அதனால் காலையில் கடல் பக்கத்து வரப்பில் நின்று மேற்கே பார்த்து எடுங்கள், வெளிச்சம் முதுகுப் பக்கம் வரும். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் உப்பளத்தில் கானல் எழும்பிவிடும். எவ்வளவு விலை லென்ஸ் வைத்திருந்தாலும் படம் நெளியும். ஃபோகஸ் போகவில்லை என்று கேமராவைத் திட்டிக்கொண்டு கடைக்குக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பைனாக்குலரை எடுத்துக்கொண்டு சும்மா பாருங்கள். நார்ட்மன் பச்சைக்காலி, பெரிய நாட், தூரக்கிழக்குக் கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீள மூக்குள்ள கரையோரப் பறவை) எல்லாம் அதே பாத்திகளில் நிற்கும். இதில் அக்காவுக்குத்தான் லாபம்.

காலில் வெளிர்பச்சைக் கொடி கட்டிய கரண்டிமூக்கு தென்பட்டால், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொடியில் இருக்கிற எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் சேருங்கள். எந்தப் பறவை எங்கே பிறந்து எங்கே தங்குகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் அதை வைத்துத்தான் தொடர்கிறார்கள். ஆயிரம் லைக் வாங்குகிற படத்தைவிட அதற்கு மதிப்பு கூட.

இன்னொன்று. அங்கே தாய்லாந்து பறவைகள் பாதுகாப்புச் சங்கம் உப்பளத்தில் ஒரு பகுதியைக் காசு கொடுத்து வாங்கிக் காப்பகமாக வைத்திருக்கிறது. உப்புத் தொழில் நின்று இறால் பண்ணை வந்துவிட்டால் பறவைக்கு ஓத நேரத்தில் நிற்க இடம் கிடையாது. இதை நம் தூத்துக்குடிக்காரர்களிடம் சொன்னால் "உப்பளத்தைப் பறவைக்காக வாங்குவானா?" என்று சிரிக்கிறார்கள். சரி, அது வேறு புலம்பல்.

பக்கத்திலேயே லேம் பாக் பியா. அங்கிருந்து சின்னப் படகில் மணல்திட்டுக்குப் போனால் மலேசிய உப்புக்கொத்தியும் வெண்முக உப்புக்கொத்தியும் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் சீனக் கொக்கும் வரும். படகில் கேமரா பையை நெகிழி உறையில் கட்டிக்கொள்ளுங்கள், உப்புத்தண்ணீர் தெறிக்கும்.

காட்டுப் பகுதியை நாளை எழுதுகிறேன், கை வலிக்கிறது.

பவானிக்கரை:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி! அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "பார்த்தியா, பைனாக்குலர்காரிக்குத்தான் லாபம்னு பெரியவர் சொல்லிட்டார்" என்று இரண்டு நாளாக என்னை விடவில்லை.

காட்டைப் பற்றிக் காத்திருக்கிறேன். கூடவே இரண்டு சந்தேகம். நாங்கள் சுத்த சைவம், அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஹைட் என்று சொல்கிறார்களே, துணி மறைப்புக்குள் உட்கார்ந்து படம் எடுப்பது, அது சரியா தப்பா? சாத்தலில் ஒன்றில் உட்கார்ந்தபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மரகதப்புறா:

சாப்பாட்டை நான் சொல்கிறேன், அண்ணாச்சி இறால் இல்லாமல் சாப்பிட மாட்டார். "ஜே" என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பௌத்தர்கள் விரத நாளில் சாப்பிடுகிற சுத்த சைவம் அது. முட்டை, பால், பூண்டு கூடக் கிடையாது. கடையில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரிந்தால் தைரியமாக உள்ளே போகலாம். வெறுமனே "காய்கறி மட்டும்" என்று கேட்டால் மீன் சாஸ் ஊற்றித்தான் கொண்டுவருவார்கள். அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. கேங் கிராச்சான் பக்கம் ஜே கடை தேடி அலைய வேண்டியிருக்கும், அதனால் பெட்சபுரி ஊருக்குள்ளேயே பழம், ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நான் இட்லிப்பொடியும் அவலும் எடுத்துப்போவேன். எந்த ஊர் ஹோட்டலிலும் வெந்நீர் கெட்டில் இருக்கும், அவல் ஊற அது போதும்.

ஹைட் விஷயத்தில் எனக்கும் அண்ணாச்சிக்கும் ஒத்துப்போகாது. கேங் கிராச்சான் பூங்காவுக்கு வெளியே தனியார் நிலத்தில் நிறைய இருக்கின்றன. கறுப்பு வலைத்துணி, அதில் லென்ஸ் நுழைக்க ஓட்டைகள், உட்கார நெகிழி நாற்காலி, எதிரே பத்தடியில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, பாசி படர்ந்த கட்டை. கட்டையின் பொந்தில் புழுவை ஒளித்து வைப்பார்கள். பறவை எங்கே உட்காரும், எந்தப் பக்கம் திரும்பும் என்பது வரை முன்கூட்டியே முடிவாகியிருக்கும். வரிசையாக உட்கார்ந்திருக்கிற பத்துப் பேருக்கும் அதே பாசிக்கட்டையில் அதே நீல பிட்டா. வீட்டுக்கு வந்து பார்த்தால் யார் படம் எது என்று யாருக்கும் தெரியாது. அதைக் காட்டுப் படம் என்று போட்டிக்கு அனுப்புவதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வயதானவர்கள், முட்டி வலிக்காரர்கள், அக்கா மாதிரி கேமரா இல்லாதவர்கள், இவர்களுக்கு ஒரு கூச்சக்காரப் பறவையை நிம்மதியாக அரை மணி நேரம் பார்க்க வேறு வழி கிடையாது. ஒரு மதியம் போங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

உப்பளத்தான்:

மரகதம் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். போட்டிக்கு அனுப்புகிறவன் ஹைட் படம் என்று எழுதிவிட்டு அனுப்பட்டும், அதோடு விஷயம் முடிந்தது. மற்றபடி ஹைட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நிலத்துக்காரர்களுக்கு ஆளுக்குச் சில நூறு பாட் வருகிறது, அதனால் அந்தத் துண்டு மரக்காடு தோட்டமாகாமல் நிற்கிறது. எனக்கு ஆகவே ஆகாதது ஒலிபரப்பு. காட்டு ரோட்டில் ஸ்பீக்கரில் பிட்டாவின் குரலைப் போட்டு, அது எதிரி வந்துவிட்டதாக நினைத்துப் பதறி ஓடிவர, பத்து கேமரா படபடக்கும். ஹைட்டில் பறவை தண்ணீருக்காகத் தானே வருகிறது, வேண்டாமென்றால் போய்விடுகிறது. உங்கள் வழிகாட்டி ஒலிபரப்பு போடுவாரா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

ஹைட்டுக்கு மதியம் இரண்டரைக்குப் போய் ஐந்தரை வரை உட்காருங்கள். வறட்சிக் காலத்தில் குளிக்கவும் குடிக்கவும் வருகிற நேரம் அது. முதலில் சிரிப்பான் குருவிக் கூட்டம் கலகலவென்று வந்து தொட்டியைக் கலக்கும். அது போனபிறகு அமைதியாகிவிடும், எழுந்துவிடாதீர்கள். கவுதாரி வகைகள் அப்போதுதான் வரும். சில நாள் சருகுமான் கூட வரும், நம் மேற்குத்தொடர்ச்சி மலைச் சருகுமானின் உறவு, உடம்பில் புள்ளி கிடையாது. துடுப்பு வால் வைத்த ஒரு வால்காக்கை உண்டு, கரிய பச்சை நிறம், அதைத் தவறவிடாதீர்கள். ஷட்டர் சத்தத்தை அணைத்து வையுங்கள். உங்கள் லென்ஸ் 600-இல் எஃப் 6.3, மர நிழலில் ஷட்டர் 1/200 வைத்தாலே ஐஎஸ்ஓ 6400 கேட்கும். பயப்படாதீர்கள், ஐஎஸ்ஓ கூடிப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் விழுந்த படத்தைச் சரிசெய்துவிடலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

நீல பிட்டா வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

பூங்காவுக்குள் பான் கிராங் முகாம் வரை சாதாரணக் காரில் போகலாம். அதற்கு மேல் பானோன் துங் போக நான்கு சக்கர இழுவை உள்ள பிக்கப் வேண்டும், ஓடையைத் தாண்ட வேண்டியிருக்கும். மேலே போவது திறந்திருக்கிறதா என்று அந்த வாரம் விசாரியுங்கள், ரோடு வேலைக்காக அடிக்கடி மூடுவார்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை முகாமே மூடியிருக்கும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. முகாமைச் சுற்றி ரோட்டில் நடந்தாலே பிராட்பில் என்கிற அகன்ற மூக்குப் பறவைகளைப் பார்க்கலாம். தென்னிந்தியாவில் அந்தக் குடும்பமே கிடையாது. கறுப்பு-மஞ்சள் பிராட்பில் உள்ளங்கை அளவுதான், ஆனால் அது கத்த ஆரம்பித்தால் எந்திரம் ஏதோ வேகம் பிடிக்கிறது என்று திரும்பிப் பார்ப்பீர்கள். மூங்கில் சரசரத்தால் நில்லுங்கள், யானை இருக்கும். வால்பாறைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

முக்கியமானதை மறந்துவிட்டேன். ஆங்கிலப் புத்தாண்டுக்குத் தாய்லாந்தே விடுமுறையில் கிளம்பிவிடும். டிசம்பர் 29, 30-க்கு மேல் முகாமில் கூடாரத்தின் மேல் கூடாரம், பாட்டு, சமையல் புகை. அதனால் இறங்கியவுடன் காட்டுக்குப் போய்விட்டு, புத்தாண்டு சமயத்தில் உப்பளத்துக்கு வாருங்கள். உப்பளத்தில் யாரும் புத்தாண்டு கொண்டாட மாட்டார்கள். ஆனால் கடலோர விடுதிகள் நிறைந்துவிடும், அறையை இப்போதே பதிவு செய்யுங்கள்.

பவானிக்கரை:

அந்த ஏற்பாட்டாளருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். முதல் நான்கு நாள் கேங் கிராச்சான், அப்புறம் பாக் தலே. உள்ளூர் வழிகாட்டி ஒருவரிடம் பேசியாயிற்று, ஒலிபரப்பு போட மாட்டாராம்.

கடைசியாக ஒன்று. கேமராவைக் கையோடு கொண்டுபோய்த் திரும்பும்போது சுங்கத்தில் பிரச்சினை வரும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

உப்பளத்தான்:

எல்லோருக்கும் வராது, வந்தால் தலைவலி. திரும்பி வரும்போது ஒரு விமான நிலையத்தில் என் பழைய லென்ஸைக் காட்டி "இதை அங்கே வாங்கினீர்களா" என்று ஒரு அதிகாரி வெகுநேரம் நிற்க வைத்தார், லென்ஸில் பெயின்ட் உரிந்து கிடந்தும்கூட. அதனால் கிளம்பும் நாளில் புறப்பாட்டுப் பக்கம் சுங்க மேசைக்குப் போய் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா, லென்ஸ் இரண்டின் வரிசை எண்ணையும் எழுதி முத்திரை போட்டுத் தருவார்கள், பொருளை நேரில் காட்ட வேண்டும். நடுராத்திரி விமானம் என்றால் அங்கே ஆளைத் தேடிப் பிடிக்க நேரம் ஆகும், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள். வாங்கிய ரசீது இருந்தால் அதன் படமும் போனில் இருக்கட்டும்.

பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. பல விமானங்களில் கைப்பை ஏழு கிலோதான். உங்கள் லென்ஸே இரண்டு கிலோவுக்கு மேல். பீன் பேக்கைக் காலியாக எடுத்துப்போய் அங்கே அரிசி வாங்கி நிரப்புங்கள், திரும்பும்போது அரிசியை விடுதிக்காரம்மாவிடம் கொடுத்துவிடலாம். விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடும் முன் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மரகதப்புறா:

அட்டைக்கடி உறை பற்றி யாருமே சொல்லவில்லையே? டிசம்பரில் காடு காய்ந்திருக்கும், அனேகமாகத் தேவைப்படாது. ஆனால் வால்பாறைக்கு வைத்திருக்கிற ஜோடி வீட்டில் இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எடை ஒன்றுமில்லை. அக்காவுக்கு ஒரு தொப்பி கட்டாயம். உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், பாத்தியிலிருந்தும் அடிக்கும்.